செல்லோடேப் ஒட்டிய விமானம்

செப்டம்பர் 2, திங்கள்

டாக்டரம்மா மூன்று விஷயம் சொன்னார். உப்பைக் குறை, தினமும் நட, கோபம் வந்தால் வாயால் கொட்டாமல் எழுதி வை. உப்பைக் குறைத்தாயிற்று. பொழிச்சலூரில் நடப்பதற்குத் தண்ணீர் லாரிக்காரர்கள் இடம் விட்டால்தானே? ஆகவே எழுதுகிறேன்.

முதலில் யார் யார் என்று எழுதிவிடுகிறேன். இவர் என்று நான் எழுதினால் அது என் கணவர் சிவப்பிரகாசம். ஏர்போர்ட்டில் பராமரிப்புப் பொறியாளர். விமானம் கிளம்புவதற்கு முன் சுற்றிவந்து பார்த்து, இவர் கையெழுத்துப் போட்டால்தான் அது நகரும். நான் தமயந்தி. நியூஸ் சேனல் ஒன்றில் டெஸ்க் வேலை. திரையில் கொட்டை எழுத்தில் வருமே, அதை நாங்கள் கார்டு என்போம். அதை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி.

இன்று கோபப்பட ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் இறங்கிய பயணி ஒருவர், விமானத்தின் ஜன்னல் வழியாக எடுத்த படத்தைப் போட்டிருந்தார். இறக்கையின் மேல் வெள்ளி நிறத்தில் பட்டை பட்டையாக டேப். மற்ற சேனல்கள் கண் விழிப்பதற்குள் நாங்கள் அடித்துவிட்டோம். "செல்லோடேப் ஒட்டிப் பறந்த விமானம்! நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்!" எங்கள் செய்தி ஆசிரியர் எட்வின் சார் லேசில் யாரையும் பாராட்டமாட்டார். இன்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ரெண்டே நிமிஷம்! இதாம்மா கார்டு" என்று கைதட்டினார்.

வரும் வழியில் இரண்டு முழம் மல்லி வாங்கினேன். இட்லிக்கு மாவு அரைத்து வைத்தேன். இவருக்கு இன்று வேலை முடிய நேரமாகுமாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அந்த விமானம் இவர் அனுப்பியது.

காலையில் வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் நின்றார். எங்கள் சேனல்தான் ஓடிக்கொண்டிருந்தது. காபி கொடுத்தேன், வாங்கவில்லை. கரண்ட் பில்லைத் திருப்பி வைத்துப் படம் வரைய ஆரம்பித்தார். இவருக்குக் கோபம் வந்தால் படம் வரைவார். கல்யாணமான புதிதில் மாமனாரோடு சண்டை வந்தபோதுகூட ஏதோ வால்வு வரைந்தார்.

"இது இறக்கை. இங்க ஒரு மூடி இருக்கு. மூடிக்கும் இறக்கைக்கும் நடுவுல இருக்கற இடுக்குல பசை பூசியிருப்போம். அது ஓரமா பேந்திருந்துச்சு. சுரண்டிட்டுப் புதுசா பூசினேன். அது காயணுமில்ல? காயற வரைக்கும் காத்து அடிக்காம இருக்க மேல டேப். அது அலுமினியம், தமயந்தி! உங்க ஆபீஸ்ல பார்சல் ஒட்டறதா நெனச்சீங்களா?"

"அப்ப டேப் பிஞ்சுட்டா?"

"பிஞ்சா பிஞ்சுட்டுப் போகுது. அந்த மூடி இல்லாமலே விமானம் பறக்கும். கம்பெனி கையேட்டுலயே எழுதியிருக்கு, எங்க ஒட்டலாம், எத்தனை நாள் வைக்கலாம்னு. நூலிழையில உயிர் தப்பினாங்களாம்! எந்த நூல்? எந்த இழை? ரெண்டு தடவை காபி குடிச்சிட்டு சௌகரியமா இறங்கிப் போயிருக்கானுங்க." பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார், "செல்லோடேப்புன்னு எவன் எழுதினான்?"

ஷிஃப்டில் எட்டுப் பேர் இருந்தோம் என்றேன். எட்டுப் பேர் இருந்தோம்தான்.

செப்டம்பர் 4, புதன்

எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவு எரிச்சல்.

மதியம் எட்வின் சாரிடம் போய், அது செல்லோடேப் இல்லை, அலுமினிய டேப், உலகம் முழுக்க ஒட்டுகிறார்கள், திருத்திவிடலாம் என்றேன். இவர் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் "வீட்டுக்காரருக்காகப் பேசுது" என்பார்கள். எட்வின் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்பெனி மறுப்பு அனுப்பட்டும், போடலாம்" என்றார்.

கம்பெனி மறுப்பு அனுப்பியது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். வக்கீல் எழுதியது போல ஒரு வாக்கியம் ஏழு வரி ஓடியது. அதைத் தமிழில் போட வேண்டியவன் பிரதீப். அவனுக்கு அது புரியவில்லை, எனக்கே இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. அவன் போட்ட கார்டு: "டேப் ஒட்டியது உண்மைதான்! ஒப்புக்கொண்டது விமான நிறுவனம்!"

போய்க் கத்தினேன். "பொய் எதுவும் இல்லையேக்கா?" என்றான். இல்லைதான். ஒரு பொய்கூட இல்லாமல் இப்படி எழுத முடிகிறதே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் விவாதம் வேறு. தலைப்பு "பறக்கும் சவப்பெட்டிகளா?" பேசியவர்களில் ஒருவர் ஜோசியத்துக்கும் வருகிறவர். பின்னால் ஓடிய படத்தில் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு விமானம் தீப்பிடித்து எரிகிறது. ஓரத்தில் கோப்புக்காட்சி என்று போட்டிருக்கிறோம். அதன் மேலேயே நகைக்கடை விளம்பரம் உட்கார்ந்துகொண்டது.

இவர் முழுவதையும் பார்த்தார். நான் சேனலை மாற்றப் போனால் ரிமோட்டைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

விசாரணை முடியும்வரை இவர் எந்த விமானத்துக்கும் கையெழுத்துப் போடக் கூடாதாம். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நட்டு போல்ட் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பிய்ந்து போனது. மாவின் குற்றம் இல்லை, என் கையின் குற்றம்.

வந்தவாசியிலிருந்து மாமியார் போன். நல்ல நாளும் அதுவுமாக ஆசீர்வாதம் பண்ணுவார் என்று பார்த்தால், "ஏம்மா, நம்ம சிவா ஏதோ டேப்பை ஒட்டி கவர்மெண்ட்டை ஏமாத்திட்டானாமே? மளிகைக் கடையில கேக்கறாங்க. எனக்குத் தலை நிமிர முடியல" என்றார்.

"அப்படியெல்லாம் இல்ல, அத்தை. டிவியில தப்பா போட்டுட்டாங்க."

"நீ வேலை செய்யற டிவியிலதாம்மா போட்டான்."

கொழுக்கட்டை தீய்கிறது என்று வைத்துவிட்டேன். தீயவில்லை.

கீழ்வீட்டு முத்துவேல் படிக்கட்டில் இவரை மறித்துக்கொண்டு, "சார், எங்க வாட்டர் டேங்க் ஒழுகுது, உங்ககிட்ட அந்த டேப் இருந்தா ஒரு முழம் குடுங்களேன்" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார், மனிதர் நல்லவர்தான். இவர் சிரிக்கவில்லை. மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். "பதினாறு வருஷம் தமயந்தி. மேலதிகாரி கத்தினான், பயணி கத்தினான், மினிஸ்டர் உள்ள உட்கார்ந்துட்டிருக்கார்னு பயமுறுத்தினான். கையேட்டுல இல்லாத எதுக்கும் கையெழுத்துப் போட்டதில்ல. அதுல இருக்கறதைப் பண்ணினதுக்கு இப்ப டப்பாவுக்கு லேபிள் ஒட்டறேன்."

இவர் அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அழவில்லை, கொழுக்கட்டை தின்றார். "உப்பு இல்ல" என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். இவர் பத்திரிகைக்காரர்களிடம் பேசக் கூடாது, கம்பெனி சட்டம். ஆனால் ரிட்டயர் ஆனவர் பேசலாமே! நங்கநல்லூரில் ரங்கபாஷ்யம் சார் இருக்கிறார், முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவர். எங்கள் ஏர்போர்ட் நிருபர் லியாகத்தைக் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பினேன்.

லியாகத் பேட்டியை எனக்கு அனுப்பினான். பிரமாதம்! பெரியவர் டேப் சுருளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எதற்கு ஒட்டுகிறார்கள், எங்கே ஒட்டமாட்டார்கள், ஏன் பயப்பட வேண்டாம் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் காலை ஒளிபரப்பு. இவரிடம் சொன்னேன். இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு நிமிடப் பேட்டியை ராத்திரி ஷிஃப்டில் வெட்டி, ஒரே ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "எல்லா விமானத்துலயும் ஒட்டறதுதான் சார் இது." அவ்வளவுதான் பேட்டி. அதற்கு மேல் கார்டு: "எல்லா விமானங்களிலும் டேப்! முன்னாள் பொறியாளர் பகீர் தகவல்!"

பகீர். எங்கள் டெஸ்க்கில் அது ஒரு வியாதி. யார் எதைச் சொன்னாலும் பகீர். வானிலை அதிகாரி மழை வரும் என்றாலும் பகீர். ரங்கபாஷ்யம் சார் போன் செய்து, "அம்மா, நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்?" என்று கேட்டார். எழுபது வயது மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். இவரிடம் என்ன கேட்பது?

எட்வின் சாரிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். அந்த விமானத்தை அனுப்பியவர் என் கணவர், வேலைக்கு ஆபத்து என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை, எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே தமயந்தி. விசாரணை முடியட்டும். அவர் பேர்ல தப்பில்லன்னு வந்தா நாம போடறோம். என் வாக்கு." டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "அந்தக் கார்டு அன்னிக்கு…" என்று ஆரம்பித்தார். எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

பி.பி. ஏறியிருக்கிறது. எழுதுகிறேன்தான் டாக்டர் என்றேன். "எல்லாத்தையும் எழுதறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

இவர் பேரில் எந்தத் தப்பும் இல்லை! ஒட்டிய இடம் சரி, ஒட்டிய விதம் சரி, பதிந்த விதம் சரி. மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து விசாரித்து முடித்துவிட்டார்கள். திங்கள் முதல் பழைய வேலைக்குப் போகலாம்.

விசாரணை முடிவின் நகலோடு துள்ளிக்கொண்டு எட்வின் சாரிடம் போனேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இதுல நியூஸ் எங்க இருக்கு? விமானம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு போட்டா எவன் பார்ப்பான்?"

"நீங்க வாக்குக் குடுத்தீங்க சார்."

"குடுத்தேன், இல்லங்கல. ஸ்க்ரோல்ல விடறேன்."

விட்டார். திரையின் அடியில் ஓடும் வரியில், தங்கம் விலைக்கும் மேட்டூர் அணை நீர்மட்டத்துக்கும் நடுவில், "விமான டேப் விவகாரம்: விதிமீறல் இல்லை" என்று ஓடியது. இரண்டு தடவை ஓடியது என்று நினைக்கிறேன். நான் இவருக்குப் போன் செய்து டிவியைப் போடச் சொல்வதற்குள் அணைக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 16, திங்கள்

இவர் வேலைக்குப் போனார். சட்டையை நானே இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். சேமியா பாயசம் வைத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, இனி இந்த விஷயத்தை எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

மதியம் லியாகத் ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டான். கோயம்புத்தூர் விமானம் ரத்து, கவுண்டரில் ஒரே கூச்சல், நேரலைக்குத் தயாராகச் சொன்னான். படம் வந்தது. கூட்டத்துக்கு ஓரமாகத் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், முப்பது வயது இருக்கும். பொள்ளாச்சியில் அப்பா காலையில் இறந்துவிட்டாராம். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்களாம். அடுத்த விமானத்தில் இடமில்லை. "நான் வர்ற வரைக்கும் வைங்கண்ணா, முகத்தை மட்டும் பார்த்துக்கறேன்" என்று போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். லியாகத்தின் கேமரா அவள் முகத்தை விட்டு அகலவில்லை.

இவருக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் எடுக்கவே மாட்டார், இன்று எடுத்தார்.

"என்னங்க ஆச்சு அந்த விமானத்துக்கு?"

"போன தடவை மாதிரியேதான். இறக்கை மூடியில பசை பேந்திருக்கு. புதுசா பூசியிருக்கேன், காயணும்."

"டேப் ஒட்டக் கூடாதா?"

"ஒட்டலாம்."

"அப்ப ஒட்டி அனுப்புங்களேன்! இங்க ஒரு பொண்ணோட அப்பா…"

"தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கு. பார்த்தேன்." இன்ஜின் சத்தம் ஏதோ கடந்து போகிறவரை காத்திருந்தார். "அது ஜன்னல்லேர்ந்து பார்த்தா நேரா தெரியற இடம், தமயந்தி. எவனாவது போன் எடுப்பான். கீழ்ப்பக்கமா இருந்திருந்தா ஒட்டி அனுப்பியிருப்பேன்."

பதினாறு வருஷமாக மினிஸ்டருக்கு அசையாத மனிதர். விமானம் பறக்குமா பறக்காதா என்பதை மட்டும் பார்த்தவர், இன்றைக்கு அது ஜன்னலில் தெரியுமா தெரியாதா என்று பார்த்திருக்கிறார். இப்படி ஆகிவிட்டாரே என்று இவர்மேல் கோபம் வந்தது. ஆக்கியது யார் என்று நினைத்தபோது அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் போனது.

"கார்டு எங்கம்மா?" என்று எட்வின் சார் கத்தினார்.

"பறக்கத் தகுதியான விமானம் ரத்து" என்று அடித்தேன். அவர் என் திரையை எட்டிப் பார்த்தார். "தகுதியா இருந்தா எதுக்கு ரத்து பண்றான்? லாஜிக்கே இல்லையேம்மா. எதுக்குப் பயந்தானாம்?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஷிஃப்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். லியாகத் காத்திருந்தான். அழித்துவிட்டு வேறு அடித்தேன். "விமானத்தில் மீண்டும் கோளாறு! தந்தையின் முகம் காணத் துடிக்கும் மகள்!" எட்வின் சார் தோளில் தட்டிவிட்டுப் போனார். நாள் முழுக்க ஓடியது.

வீட்டுக்கு வந்தபோது இவர் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குளித்து, ரசம் சுடவைத்து, இரண்டு பேருக்கும் சாதம் போட்டேன். தட்டை வாங்கிக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"இது சுமார்தான். செல்லோடேப் கார்டு இதைவிட நல்லா எழுதியிருந்தே."

குரலில் கோபம் இல்லை. சாதத்தைப் பிசைந்தார். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். நான் எழுதியது என்று இவருக்கு எப்போது தெரியும்? முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே எவன் எழுதினான் என்று கேட்டிருக்கிறார், நான் எட்டுப் பேர் என்று எண்ணிக்கை சொல்லியிருக்கிறேன்.

"அந்தப் பொண்ணு போய்ச் சேர்ந்துச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார்.

மாடிக்குப் போய் லியாகத்தைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே இரைச்சல், கோயம்பேட்டில் ஏதோ தீ விபத்தாம். "எந்தப் பொண்ணு மேடம்?" என்றான். ஏர்போர்ட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாளே என்றேன். "ஓ, அதுவா? அது பேசினதை பைட் எடுத்ததும் கிளம்பிட்டேன் மேடம். பேர்கூட வாங்கலையே."

கீழே இறங்கி வந்தேன். இவர் கை கழுவாமல் காத்திருந்தார்.

போய்ச் சேர்ந்துவிட்டாளாம், முகம் பார்த்துவிட்டாளாம் என்று சொன்னேன்.